பட்டை கழன்று வரும் நேரம்

கன்று நட்டு மூன்றாவது வருடம் ஆகிவிட்டது. பற்றையில் விரல் தடிப்பைத் தாண்டிய தண்டுகள் நிற்கின்றன, பச்சையாக இருந்த தோல் கபில நிறமாக மாறியிருக்கிறது. இனி வெட்டலாம் என்று கை துறுதுறுக்கும். கத்தியை எடுக்குமுன் இந்த அத்தியாயத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். கறுவாவில் நட்டம் வருவது பெரும்பாலும் நடுகையிலோ பசளையிலோ அல்ல. தவறான நாளில் வெட்டிய தண்டை வைத்துக்கொண்டு, உரிக்க வராத பட்டையோடு மல்லுக்கட்டுவதில்தான் உழைப்பும் பட்டையும் சேர்ந்து வீணாகின்றன.

கலேவெலயிலிருந்து மாத்தளைக்கு வரும் வழியில் உள்ள வஹகோட்டையையும் அதைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காலி, மாத்தறைப் பக்கத்துக் கறுவாக்காரருக்கு மழை ஒரு கவலையே அல்ல. வருடத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறையாத மழையைக் கறுவா விரும்பும், அவர்களுக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. நம் பக்கம் ஈர வலயத்தை விட்டு உலர் வலயத்தை நோக்கி இறங்கும் நிலம். சித்திரையில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் பெரிய மழை, இடையில் நெடுங்காய்ச்சல். இங்கே கறுவா வைப்பவர் மேட்டு நிலத்தை விட்டு, நிழலும் ஈரமும் தங்கும் பள்ளப் பக்கமாக, தென்னைக்கு ஊடே வைப்பதுதான் புத்தி. தெற்கில் எழுதப்பட்ட கறுவா நாட்காட்டி நமக்கு அப்படியே பொருந்தாது என்பதும் இதனால்தான். மாதத்தைப் பார்த்து வெட்டாமல் மரத்தைப் பார்த்து வெட்டப் பழக வேண்டும்.

வஹகோட்டையின் கதையோடு கறுவாவுக்குப் பழைய தொடர்பும் உண்டு. கண்டி அரசில் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று இவ்வூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் தம்மைப் பற்றிச் சொல்வதுண்டு. புனித அந்தோனியார் கோவிலுக்கு வருகிற தோட்டத்து மக்களும் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். 1505இல் கரை தட்டிய போர்த்துக்கேயரை இந்தத் தீவில் பிடித்து நிறுத்தியது கறுவாதான். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் அதற்காகவே நின்றார்கள். வெகுகாலம் அது காட்டு மரம். காட்டுக்குள் போய் உரித்துக்கொண்டு வருவது அரசுக்குச் செய்ய வேண்டிய கட்டாய ஊழியம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒல்லாந்தர் கொழும்பை அண்டி அதைத் தோட்டமாகப் பயிரிட்டார்கள். கொழும்பு 7க்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்றே பெயர். இத்தனை அரசுகள் மாறியும் ஒன்று மாறவில்லை. பட்டையை உரிக்கும் வேலை இன்றும் கைவேலைதான். அதற்கான காரணம் தண்டுக்குள்ளேயே இருக்கிறது.

நடுவில் இருக்கும் படை

படைபடையாய் அமைந்த எதுவும் எங்கே பிரியும் என்பதை அதன் நடுவிலுள்ள மிக மெலிந்த படைதான் தீர்மானிக்கும். குருணாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கத்தில் எடுக்கும் காரீயத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தாளுக்குள்ளும் கரி அணுக்கள் இறுகக் கைகோத்திருக்கின்றன, தாளுக்கும் தாளுக்கும் இடையிலோ பிடிப்பு மிக மெல்லியது. பென்சிலைக் கடதாசியில் இழுத்தால் தாள்கள் வழுக்கிக் கழன்று கோடாகிவிடுகின்றன. மழைக்குப் பின் சுவரிலிருந்து பெயின்ற் பொருக்காக எழும்புவதும் இதே கணக்குத்தான். பெயின்ற்றும் கெட்டி, சீமெந்தும் கெட்டி, இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்துவிட்டது.

கறுவாத் தண்டில் அந்த நடுப்படை உயிருள்ளது. வெளியிலிருந்து உள்ளே போவோம். முதலில் சொரசொரப்பான கபிலத் தோல். இதில் வாசனை இல்லை, கசப்பும் துவர்ப்பும்தான், சுரண்டி எறிய வேண்டியது. அதன் கீழே கல் போல் கடினமான உயிரணுக்கள் ஒரு வளையமாக நிற்கும். அதற்கும் உள்ளே எண்ணெய் அறைகள் நிறைந்த உட்பட்டை. நாம் விற்பது இதைத்தான், நல்ல பட்டையில் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவே. அதற்கடுத்து மரத்தைத் தொட்டபடி, கண்ணுக்குத் தனியாகத் தெரியாத ஒரு வளர்படை. மரம் வெளிப்புறமாகப் பட்டையையும் உட்புறமாகக் கட்டையையும் பிறப்பிப்பது இங்கிருந்துதான். மரம் வளரும் நாட்களில் இந்தப் படையில் புதிய அணுக்கள் பிறந்துகொண்டே இருக்கும். அவற்றின் சுவர் மெல்லியது, உள்ளே முழுவதும் நீர். தொட்டால் கிழியும். அந்த நாட்களில் பட்டை மரத்தின்மேல் ஒட்டியிருப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் நீர் நிறைந்த ஒரு மெல்லிய படலத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வறட்சியில் வளர்ச்சி நின்றதும் அந்த அணுக்கள் சுவர் தடித்து இறுகிவிடும். அப்போது பட்டையும் மரமும் ஒன்றாகிவிடுகின்றன. கத்தியால் எடுத்தால் பட்டையோடு மரமும் நாராக வரும், இல்லையென்றால் பட்டை துண்டு துண்டாக உடையும். றப்பர் கன்றில் ஒட்டுக் கட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. அவர்களும் முதலில் பட்டை கழருகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கொழுந்தின் நிறம்

வளர்படை வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் மரம் அதைக் கொழுந்தில் எழுதிக் காட்டும். மழை விழுந்து சில நாட்களில் கறுவா இளஞ்சிவப்புக் கொழுந்து விடும். பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகான நாட்களில் வெட்டக்கூடாது. மரம் தன் சேமிப்பையெல்லாம் கொழுந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, பட்டை பிடிவாதமாக ஒட்டியிருக்கும். சிவப்பு மங்கி இளம்பச்சையாகி, இலை விரித்து, கையில் எடுத்தால் சற்றுத் தடித்துச் சரசரக்கும் பருவம் வரும்போது கீழே தண்டில் பட்டை இளகியிருக்கும். அதுதான் நமது நேரம்.

முதல் வெட்டை நான் இதை அறியாமல்தான் செய்தேன். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து தோட்டம் முழுக்கச் சிவந்திருந்தது. ஈரம் இருக்கிறதே, உரிக்க வரும் என்று நினைத்து ஒரு கட்டுத் தண்டை வெட்டிப்போட்டேன். பக்கத்து வீட்டு மாமி வேலியருகே நின்று பார்த்துவிட்டு, "தம்பி, கொழுந்து இன்னும் செவப்பாத்தானே இருக்கு. இன்னிக்கு எதுக்குக் கத்திய எடுத்தீங்க? மூணு கிழமை விட்டிருக்கலாமே" என்றார். அன்று மாலை வரை உட்கார்ந்தும் ஒரு சுருளுக்குக்கூட ஒழுங்கான பட்டை சேரவில்லை. வெட்டிய தண்டுகள் விறகாகப் போயின. அடுத்த தடவை மாமியையே கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் வெட்டினேன்.

நம் பக்கத்துக்கு நான் சொல்வது இது. சித்திரை மழைக்கு வந்த கொழுந்து வைகாசி நடுப்பகுதிக்குள் முற்றிவிடும். அதற்குப் பிறகு வறண்ட காற்று பிடித்துவிட்டால் பட்டை இறுகத் தொடங்கும். ஆகவே அந்தோனியார் திருவிழாவுக்கு ஊர் திரளும் ஜூன் நடுப்பகுதிக்கு முன்னர் அந்த வெட்டை முடித்துவிடப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்கு வந்த கொழுந்து மார்கழியில் முற்றும். தை வரை அவகாசம் உண்டு, இதுதான் நமக்குப் பெரிய வெட்டு. ஒரு வருடம் மழை பிந்தினால் இந்தக் கணக்கும் பிந்தும். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு தண்டில் பார்த்துவிடலாம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கத்தி நுனியால் நகத்தளவு சதுரம் கீறி ஒரு மூலையைக் கிளப்புங்கள். பட்டை முழுதாக எழும்பி, அடியில் மரம் ஈரமாகப் பளபளத்தால் அடுத்த நாளே வெட்டலாம். மூலை உடைந்து, அடியில் நார் தெரிந்தால் ஒரு வாரம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். பற்றைக்குப் பற்றை இது மாறும். நிழலில் நிற்பது முந்தும், பாறையை ஒட்டி நிற்பது பிந்தும்.

வெட்டு விடியற்காலையில் நடக்க வேண்டும். இரவு முழுவதும் வேர் ஏற்றிய நீர் அப்போது தண்டில் நிரம்பியிருக்கும். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு, பற்றையின் நடுவை நோக்கிச் சரிவாக வெட்டுங்கள். அப்போது புதுத் தளிர் வெளிப்பக்கமாக வரும், பற்றை விரியும். அன்று எத்தனை தண்டை உரித்து முடிக்க முடியுமோ அத்தனை மட்டுமே வெட்டுங்கள். இலையைக் களைந்து, தண்டுகளை நிழலில் அடுக்கி, நனைத்த சாக்கால் மூடி வையுங்கள். வெயிலில் இரண்டு மணித்தியாலம் கிடந்த தண்டு, மரத்திலேயே காய்ந்த தண்டைப் போல் ஆகிவிடும். இலைகளை எறிய வேண்டாம். அவற்றிலிருந்து வடிக்கும் எண்ணெய்க்குத் தனி விலை உண்டு. இலை எண்ணெயில் கராம்பின் வாசனை தரும் யூஜினோல்தான் மிகுதி, பட்டை எண்ணெயின் வாசனை வேறு.

சுரண்டலும் தேய்ப்பும்

இனி உட்கார்ந்து செய்யும் வேலை. பழைய முறையில் தரையில் அமர்ந்து, தண்டைக் கால்விரலால் அமுக்கிப் பிடித்துச் செய்வார்கள். சுத்தத்துக்காக மேசையில் வைத்துச் செய்யும் முறையை ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இப்போது பழக்குகிறது. மாத்தறை மாவட்டத்தின் பலொல்பிட்டியவில் கறுவாவுக்கென்றே ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இருக்கிறது. திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் நம் மாத்தளையிலேயே உள்ளது, விவரம் கேட்க அங்கே போகலாம். மேசையில் செய்தால் முதுகும் தப்பும், பட்டையில் மண்ணும் ஒட்டாது.

முதலில் வளைந்த சுரண்டுகத்தியால் மேல்தோலை எடுங்கள். கத்தியைத் தண்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, தன்னை நோக்கி நீளமாக ஒரே இழுப்பு. கபில நிறம் போய் மங்கலான வெளிர்பச்சை தெரியும் இடத்தோடு நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே போனால் எண்ணெய் அறைகளைக் கிழிக்கிறீர்கள், வாசனை காற்றோடு போகிறது. காயப்பட்ட இடம் காய்ந்ததும் சிவந்த தழும்பாகி, வாங்குபவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். குறையச் சுரண்டினாலும் பிழைதான். மேல்தோல் மிஞ்சிய இடம் காயும்போது வேறுவிதமாகச் சுருங்கிப் பொருக்குப் பொருக்காக எழும்பும்.

அடுத்ததுதான் இந்த அத்தியாயத்தின் உயிர். சுரண்டிய தண்டைப் பித்தளைத் தண்டால் தேய்க்க வேண்டும். உருண்டையான, வழவழப்பான, கையில் கனம் தெரியும் ஒரு பித்தளைக் கம்பி போதும். இரும்பைத் தொடவிடாதீர்கள். பட்டையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை பிடிக்கும். கத்தியும் துருப்பிடிக்காத எவர்சில்வராக இருப்பதே நல்லது. பித்தளைத் தண்டை இரு கையாலும் பிடித்து, கறுவாத் தண்டின் நீளவாக்கில் அழுத்தித் தேயுங்கள். கறுவாத் தண்டைச் சிறிது சிறிதாக உருட்டிச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள அந்த நீர் நிறைந்த அணுக்கள் பித்தளையின் கனத்தில் நசிந்து உடைகின்றன. பட்டை சற்றே முன்னும் பின்னும் நகர்கிறது, மரம் அசையாமல் நிற்கிறது. பிடிப்பு முழுவதும் பக்கவாட்டில் அறுந்துபோகிறது. மேலே இழுத்துப் பிய்ப்பதைவிடப் பக்கவாட்டில் நகர்த்திப் பிரிப்பது பட்டைக்கு நோகாது. புத்தகத்தின் ஈரமான இரண்டு பக்கங்களைப் பிரிக்கும்போது நாம் தூக்காமல் விரலால் மெல்ல வழுக்கப் பார்ப்போமே, அப்படி.

எவ்வளவு தேய்ப்பது என்று எண்ணிக்கையில் சொல்ல முடியாது. பெருவிரலைப் பட்டையில் வைத்து முறுக்கிப் பாருங்கள். அடியில் ஏதோ வழுக்குவது போல் ஒரு சிறு அசைவு வரும். தேய்க்கும் சத்தமும் மாறும். முதலில் வறட்டுச் சத்தமாக இருந்தது, பட்டை கழன்ற இடத்தில் மந்தமாகிவிடும். ஈரமும் ஒரு இனிப்பு வாசனையும் மேலெழும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் தேய்த்தால் உட்பட்டையே நசிந்துவிடும். கணு இருக்கும் இடத்தில் எவ்வளவு தேய்த்தாலும் கழராது, கிளைக்குப் போகும் நார் அங்கே குறுக்கே ஓடுகிறது. கணுவோடு போராடாமல் அதைத் தாண்டி அடுத்த துண்டை எடுங்கள்.

உரித்தல்

தேய்த்து முடிந்ததும் கணுக்களுக்கு இடையில் மேலும் கீழுமாக வட்டமாக இரண்டு வெட்டு. பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் நீளமாக இரண்டு கீறல். கீறல் மரம் வரை இறங்க வேண்டும், மரத்துக்குள் போகக்கூடாது. வளைந்த நுனிக் கத்தியைக் கீறலில் நுழைத்து, நுனியின் தட்டையான பக்கம் மரத்தைத் தடவியபடி மெல்ல நகர்த்துங்கள். சரியாகத் தேய்த்திருந்தால் கத்திக்கு வேலையே இல்லை. பட்டை இரண்டு பாதியாக, ஓட்டை விட்டு வரும் பலாக்கொட்டை போல் கழன்று விழும். உள்பக்கம் வெண்ணெய் நிறத்தில் ஈரமாக இருக்கும், சில நிமிடத்தில் காற்றுப் பட்டுக் கபிலமாகும். எங்கே கத்தி அடைத்து நிற்கிறதோ அங்கே பலம் கொடுக்காதீர்கள். கத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பப் பித்தளையால் தேயுங்கள். உரிப்பதில் தேர்ந்தவர்களைக் கவனித்தால் இது தெரியும். அவர்கள் கத்தியை விடப் பித்தளைத் தண்டையே அதிகம் கையில் வைத்திருப்பார்கள்.

உடைந்த சிறு துண்டுகள், கணுவருகே வந்த கீற்றுகள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் சேருங்கள். அவற்றைச் சுருளுக்குள் நிரப்ப வேண்டும்.

சுருள் ஏன் சுருளுகிறது

உரித்த பட்டைகளை நிழலில் விரித்து வைத்தால் சில மணித்தியாலத்தில் தாமாகவே சுருளத் தொடங்கும். யாரும் சுருட்டுவதில்லை. வெளிப்பக்கம் கல்லணு வளையம், ஈரம் போனாலும் அதிகம் சுருங்காது. உட்பக்கம் மென்மையான எண்ணெய்ப் படை, ஈரம் போகப் போக நன்றாகச் சுருங்கும். ஒட்டியிருக்கும் இரண்டு படைகளில் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் சுருங்கும் பக்கமாக வளைந்தே தீரும். ஒட்டுப்பலகை செய்பவர்கள் அதன் தகடுகளை, நார் குறுக்கும் நெடுக்குமாக மாறி வரும்படி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைப்பது இந்த வளைவைத் தடுப்பதற்காகத்தான். நமக்கு அந்த வளைவுதான் வேண்டும். மேல்தோலைச் சரியாகச் சுரண்டாத பட்டை ஒழுங்காகச் சுருளாததன் காரணமும் இதில் இருக்கிறது.

பாதி சுருண்ட நிலையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள். தடித்ததும் அகலமானதும் வெளியே, மெல்லியவை உள்ளே. ஒன்றின் முனை மற்றதற்குள் ஏறி, 42 அங்குல நீளம் வரும்வரை தொடர வேண்டும். இந்த நீளத்துக்கு ஒரு அளவுகோல் தடியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கூடையிலிருந்த சிறு துண்டுகளைத் திணியுங்கள், இல்லாவிட்டால் சுருள் நடுவில் நசிந்துவிடும். இப்படிப் பல தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருப்பதுதான் இலங்கைக் கறுவாவின் அடையாளம். கடையில் கறுவா என்று விற்கும் தடித்த சீனப் பட்டை ஒற்றைப் படையாக, மரச் செதுக்கல் போலச் சுருண்டிருக்கும், விரலால் உடைக்கக் கடினம். நமதை விரலால் நொறுக்கலாம், கடதாசி போல் தாள் தாளாகப் பிரியும். குமரின் என்ற பொருள் அந்தத் தடித்த பட்டையில் கூடுதலாக இருக்கிறது, அது அளவு மிஞ்சினால் ஈரலுக்கு ஆகாது. நமதில் அது மிகக் குறைவு. இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு வழங்கியது, இந்த நாட்டின் பொருளொன்றுக்கு அப்படிக் கிடைத்த முதல் அங்கீகாரம். வாங்க வருபவரிடம் உங்கள் சுருளின் வாயைத் திருப்பிக் காட்டுங்கள். எத்தனை தாள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

தரம் பிரிப்பது சுருளின் குறுக்களவில். அல்பா என்பது 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத, பென்சிலைவிட மெல்லிய சுருள். அதற்குத்தான் உச்ச விலை. தடித்த ஹம்பர்க் வகைகள் 38 மில்லிமீற்றர் வரை போகும். முதல் வருடத்திலேயே அல்பாவுக்கு ஆசைப்பட வேண்டாம். மெல்லிய தண்டில் பட்டையும் மெல்லியது, பழகாத கை அதைக் கிழித்துவிடும். நடுத்தரத் தண்டில் கை பழகட்டும்.

காயவைத்தல்

கூரைக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேல், தும்புக் கயிற்றை இணையாகக் கட்டி அதில் சுருள்களைப் பரப்புங்கள். நான்கு முதல் ஏழு நாள் நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே வெயிலில் வைத்தால் வெளித்தாள் முந்திக் காய்ந்து விறைத்துவிடும், உள்தாள்கள் பிறகு சுருங்கும்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சுருள் வாய் பிளக்கும். தினமும் ஒருமுறை ஒவ்வொரு சுருளையும் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைத் தவறவிட்ட சுருளைப் பிறகு எப்படியும் இறுக்க முடியாது. அடுப்புப் புகை படும் இடத்தில் கயிறு கட்டாதீர்கள், கறுவா எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுருளை நடுவில் பிடித்து மேசையில் தட்டுங்கள். ஈரம் இருந்தால் மந்தமாக விழும், காய்ந்தது மூங்கில் போல் டக்கென்று ஒலிக்கும். கட்டும்போது சுருள்களின் முனைகளைச் சமப்படுத்தி, தும்புக் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டி, சுத்தமான சாக்கில் சுற்றிச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பலகையின்மேல் வையுங்கள். மார்கழி ஈரத்தில் சுவரோடு ஒட்டி வைத்த கட்டு பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

இனித் தோட்டத்துக்குத் திரும்புங்கள். வெட்டிய அடிக்கட்டையைச் சுற்றி இலைச் சருகை மூடி வைத்திருந்தால் இரண்டு வாரத்தில் வெளிப்பக்கமாகத் தளிர் தெரியும். நேரான நான்கைந்தை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். எத்தனை விடுவது, எந்தப் பசளை எப்போது என்பதெல்லாம் அடுத்த அத்தியாயத்தில் வருகிறது.